தூரத்து மலைக்கு 5 நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் காடுகளைச் செப்புத் தகட்டில் பதிக்கும் எட்சிங் கலை பற்றிச் சென்ற வார ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, 'ஊசியால் தகட்டை ஆழமாகக் கீறுகிறார்கள்' என்கிறது. அது சரியல்ல. எட்சிங்கில் தகட்டில் அரிபட்ட கோடுகளுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, காகிதத்தில் அழுத்தி அச்செடுப்பார்கள். தகட்டின் மேல் தேன்மெழுகு, பிட்டுமன் (தார் போன்ற பொருள்), ரோசின் (பைன் மரப் பிசின்) கலந்து உருக்கிய மெல்லிய பூச்சு இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டும் விலக்குகிறது. கோடு எவ்வளவு ஆழம் என்பது, செம்பை அரிக்கும் பெரிக் குளோரைடு கரைசலில் தகடு கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது.

காட்டுக் காட்சிக்கு உயிரே இதில்தான்: குறைவாக அரிபட்ட கோடு மெல்லியதாகத் தூரத்திலும், ஆழமாக அரிபட்டது அழுத்தமாக அருகிலும் தெரியும். படம் முழுவதையும் வரைந்து, தகட்டை 5 நிமிடம் ஊறவிட்டு, கழுவி உலர்த்தி, தூரத்து முகடுகளின் கோடுகள் மேலும் அரிபடாதபடி வார்னிஷால் மூட வேண்டும். மறுபடி 15 நிமிடம். இப்போது நடுவிலுள்ள காப்பித் தோட்டத்தை மூடலாம். முன்னால் நிற்கும் சில்வர் ஓக் அடிமரங்கள் மட்டும் இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கட்டும். மே மாதச் சேலத்தில் விறுவிறுவென அரிக்கும் கரைசல் டிசம்பர் ஏற்காட்டில் மந்தமாகிவிடும் என்பதால், அதே செம்பில் ஒரு துண்டை நறுக்கி முதலில் சோதிப்பது நல்லது.

சோலையின் இருட்டைக் காட்டப் பலரும் கோடுகளை நெருக்கியடித்துப் போடுவார்கள். கெடுவது அங்கேதான். இடையிலுள்ள செம்பும் அரிபட்டு எல்லாம் ஒரே பள்ளமாகும். அதில் மை நிற்காது. துடைக்கும் துணியோடு போய்விடும். கருநிழல் வர வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். இருட்டுக்கு, கோடில்லாமல் நிழல் தரும் அக்வாடின்ட் முறை வேண்டும். ரோசின் தூளைச் சீராகப் படியவிட்டு அடியில் சூடு காட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் அவற்றைச் சுற்றி அரிபடும் சொரசொரப்பு மையைப் பிடிக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கும் இதே வழிதான், நேரம் மட்டும் வினாடிக் கணக்கு. (பறக்கும் ரோசின் தூசி தீப்பட்டால் வெடிக்கும், கவனம்.)

கட்டுரை நைட்ரிக் அமிலத்தையும் சொல்கிறது. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊருக்கு வெடியுப்புத் திராவகம் எனப்படும் அந்த அமிலம் புதிதல்ல. ஆனால் செம்பில் பட்டதும் எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம். பெரிக் குளோரைடில் அந்தப் புகை இல்லை. கோட்டுக்குள் வண்டல் தங்கி அரிப்பு தடைபடும் என்பதால் தகட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

கட்டுரையோடு வந்த படத்தில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனை இடவலம் மாறியிருந்ததை உங்கள் அச்சகத்தின் பிழை என்று வாசகர்கள் நினைத்திருக்கலாம். கண்ணால் கண்டபடியே தகட்டில் வரைந்தால் அச்சில் அப்படித்தான் விழும். கண்ணாடியில் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்