யாரை முதலில் பார்ப்பது?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பெருந்துறையில் சாயப்பட்டறை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராகப் பொறுப்பேற்றிருப்பதும், மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றுமில்லை.

ஒரே நேரத்தில் பலர் அடிபட்டுக் கிடந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேற்பட்டால் மருத்துவ அறையும் வேண்டும் என்று வகுத்தது. ஆனால் பெட்டியைத் திறந்தவர் யாரிடம் ஓட வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்லித் தராது.

1983இல் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து வகுத்த முறையையே நான் ஆலையில் கற்றுக்கொடுத்து வந்தேன். நடக்க முடிந்தவர்களை எல்லாம் ஓரிடத்துக்குப் போகச் சொன்னால், அவர்கள் பச்சை, அதாவது காத்திருக்கக்கூடியவர்கள். எஞ்சியவர்களில் நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குபவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், கையை அழுத்தச் சொன்னால் அழுத்தத் தெரியாதவர் ஆகியோர் சிவப்பு, அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மஞ்சள், அவர்களுக்கு அடுத்த இடம். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவரைக் கடந்து செல்ல வேண்டும். அதுதான் நெஞ்சு ஒப்பாத வேலை. அதனால்தான் அதை முன்கூட்டியே பழக வேண்டும் என்கிறேன். பிரிக்கும் பொறுப்பில் இருப்பவர் பீறிடும் இரத்தத்தை அடக்குவதோடு நிறுத்திக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும். ஒருவருக்குக் கட்டுப்போட உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களைப் பார்க்க ஆளிருக்காது. அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போ. மேலாளரின் உறவினர் என்பதற்காக வரிசை மாறவும் கூடாது.

உன் இடத்தில் எனக்குள்ள பெரிய அச்சம் கழிவுநீர்த் தொட்டிதான். அடியில் தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர். அங்கே உன் முதல் வேலை, உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்கு முன் வெளியே நிற்பவர்களைத் தடுப்பது. காற்றுக் கருவி அணிந்தவர் தவிர யாரும் இறங்கக் கூடாது.

ஆனாலும் கூட்டமாக அடிபடுவது அபூர்வம். அடிக்கடி வருவது, இரவு ஷிப்டில் ஒருவர் வியர்த்துக்கொண்டு "வாயுப் பிடிப்பு சார், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்வதுதான். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்திருந்தால் அவர் சொல்வதைக் கேட்காதே. நடக்கவிடாமல் உட்காரவைத்து, உடனே 108ஐக் கூப்பிடு. நடந்து வந்தார் என்பதற்காக இவரைப் பச்சையில் சேர்த்துவிடாதே. அந்தக் கணக்கு பலர் அடிபட்ட விபத்துக்கு மட்டும்தான்.

உன் ஆலைக்கு எத்தனை வாயில்கள், இரவில் எது திறந்திருக்கும், ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப இடமிருக்கிறதா என்பதைக் காவலாளியிடம் விசாரித்து எனக்கு எழுது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா.

அன்புடன்,
இராசேந்திரன்