தோட்டத்துச் சாவி யாரிடம் இருந்தது? சாட்ஸ்வொர்த் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோவில் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கத்தாருக்கும், குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கோவில் சமையலறையில் ஏழெட்டுப் பேர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பேச்சு, எங்கள் ஃபிளாட்டுகளுக்குக் கீழே இருந்த காய்கறித் தோட்டத்தின் பக்கம் போனது. 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு பணம் கொடுத்துப் போட்ட தோட்டம். இரண்டாம் வருடமே புல் மண்டிவிட்டது.

ஏன் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கேட்டின் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் களை எடுக்க வந்த பெண்கள், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். தண்ணீருக்கு மூன்று மாடி ஏறி வாளியில் பிடித்து இறங்க வேண்டும். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து உழைக்க வந்த ஜூலுப் பெண்களுக்கு விளைச்சலில் என்ன பங்கு என்று யாரும் சொல்லவில்லை. முதல் அறுவடையோடு அவர்கள் நின்றுவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தின் அறிக்கையை நான் படித்திருக்கிறேன். எத்தனை நாற்றுகள் கொடுத்தார்கள், எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்று எழுதி, படங்களும் போட்டிருந்தார்கள். எதுவும் பொய்யில்லை. நானும் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் போட்டவள்தான். பயிற்சி எப்படி இருந்தது என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. சாவியைப் பற்றிக் கேள்வியே இல்லை.

அந்தச் சமையலறையில் இருந்த அறிவு ஏன் அறிக்கைக்குள் போகவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல். நம் வட்டாரத்தில் நடக்கும் திட்டங்களை நாமே கூடி உட்கார்ந்து மதிப்பிட, நம் மக்களைப் பழக்க வேண்டும். அதை நீங்கள் முன்னின்று தொடங்க வேண்டும்.

நம் ஊரே வெளியாட்கள் வகுத்த ஒரு திட்டம்தான். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைக்கத் தென்னாப்பிரிக்க அரசு கொண்டுவந்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தை வைத்து, 1960களில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் குடும்பங்களைக் கிளப்பிக்கொண்டுவந்து, எண் போட்ட யூனிட்டுகளில் குடிவைத்தார்கள். வீடுகளை எண்ணிப் பார்த்தால் பெரிய சாதனை. விட்டுவந்த கோவிலையும் வாழைத்தோட்டத்தையும் எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? என் பாட்டி கடைசிவரை ‘அங்கே’ என்று சொன்னால் அது கேட்டோ மேனர்தான்.

சரி, என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? மதிப்பீடு என்றதும் பல்கலைக்கழகத்துக்காரர் வேலை என்று நினைக்கிறோம். ஸ்டாக்வெல் என்ற சேமிப்புச் சீட்டு நடத்தும் பெண்களைப் பாருங்கள். யார் கட்டினார், யார் பாக்கி, யாருக்கு இந்த மாதம் உண்மையிலேயே கஷ்டம் என்று நோட்டைத் திறக்காமல் சொல்வார்கள். கவனிப்பதும் கணக்கு வைப்பதும் நம்மிடம் இருக்கின்றன. கவனித்ததைச் சான்றாக மாற்றும் பழக்கம்தான் இல்லை.

அதற்கு வழிகள் ஏற்கெனவே உண்டு. பங்களாதேஷில் 1990களில் உருவான ஒரு முறையில், ‘இந்தக் காலத்தில் உங்கள் வாழ்க்கையில் வந்த முக்கியமான மாற்றம் எது?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து, அவற்றில் எது முக்கியம், ஏன் என்று விவாதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ‘ஏன்’ மீது நடக்கும் வாக்குவாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. மலாவியில் 2002இல் சுகாதார நிலையங்களுக்காகத் தொடங்கிய மதிப்பெண் அட்டை முறை வேறு மாதிரி. மக்கள் தனியாக மதிப்பெண் போடுகிறார்கள், ஊழியர்கள் தனியாகப் போடுகிறார்கள். அப்புறம் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து, எதைச் சரிசெய்யலாம் என்று பேசுகிறார்கள்.

நம் நாட்டிலேயே, கேப் டவுனின் கயலிட்சாவில் 2013இல் சோஷியல் ஜஸ்டிஸ் கோயலிஷன் அமைப்போடு குடியிருப்பாளர்கள் சமூகத் தணிக்கை செய்தார்கள். தற்காலிகக் கழிப்பறைகளுக்காக நகராட்சி போட்டிருந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பழகிக்கொண்டு, அவற்றைத் தெருத் தெருவாக நடந்து எண்ணினார்கள். காகிதத்தில் இருந்த எண்ணிக்கைக்கும் தரையில் இருந்ததற்கும் வித்தியாசம் இருந்தது. அதைப் பொதுக்கூட்டத்தில் சொன்னவர்கள் அந்தக் கழிப்பறைகளையே பயன்படுத்தியவர்கள். அரசுச் செலவுக் கணக்கை ஊர் மக்கள் முன் படித்துச் சரிபார்க்க, இந்தியாவின் ராஜஸ்தான் கிராமங்களில் 1994இலிருந்து நடந்த மக்கள் விசாரணைகளும் இதே வழிதான்.

இதையெல்லாம் நம் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். எழுத்து வராதவர்களுக்கு நாலு கிண்ணமும் ஒரு பிடி ஷுகர் பீன்ஸும் போதும். ‘நன்றாகப் போகிறது’ முதல் ‘மோசம்’ வரை கிண்ணத்துக்கு ஒரு பெயர் வைத்து, ஆளுக்கு ஐந்து விதை போடச் சொல்லலாம். ஆனால் பெண்கள் தனியாக, இளைஞர்கள் தனியாக, வயதானவர்கள் தனியாகப் போட வேண்டும். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் வைத்தால், முதலில் பேசுகிற அங்கிளின் கிண்ணம்தான் நிறையும். திட்டத்தை நடத்தியவர் கூட்டத்தை நடத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், வேலை தொடங்குவதற்கு முன்பே இன்றைய நிலை என்ன, எது மாறினால் மாற்றம் என்போம் என்று எழுதி வைக்க வேண்டும். தோட்டத்தில் அதைச் செய்திருந்தால், ‘வாரத்தில் எத்தனை வீட்டில் நம் கீரை வேகிறது’ என்று யாராவது ஒரு பாட்டி கேட்டிருப்பாள். சாவி விஷயம் முதல் மாதமே வெளியே வந்திருக்கும்.

இதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, நகராட்சியின் செயல்பாட்டை அளக்கும் முறையை வகுப்பதிலும் பரிசீலிப்பதிலும் மக்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது. அளவுகோல்களையும் இலக்குகளையும் தீர்மானிப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. 16ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மக்கள் பங்கெடுக்கும் திறனை வளர்க்க உதவுவதும், அதற்குப் பொருத்தமான அளவில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதும் நகராட்சியின் கடமை என்கிறது. இந்தப் பயிற்சிக்கு உதவி கேட்கும்போது இந்தப் பிரிவைச் சொல்லியே கேளுங்கள். வார்டு கமிட்டியில் தலைவரான கவுன்சிலரைத் தவிர பத்துப் பேர் வரை இருக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் அதில் உட்காரட்டும்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். குறை வெளியே வந்தால் பணம் கொடுப்பவர்கள் போய்விடுவார்கள், குழுவுக்குள் சண்டை வரும் என்ற பயம். போகிறவர்கள் சிலர் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறையை மறைத்த தோட்டம் இப்போது எங்கே இருக்கிறது?

முதலில் அடுத்தவர் வேலையில் கை வைக்க வேண்டாம். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். பதினொரு வருடமாக நடத்துகிறேன். வருகைப் பதிவேடு நிறைந்திருக்கிறது. வீட்டில் ஆயாவோடு ஒரு வாக்கியமாவது தமிழில் பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டுச் சொல்லட்டும். நான் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டேன்.

ஆறு சனிக்கிழமை பிற்பகல் கோவில் மண்டபம் வேண்டும். கூழ் ஊற்றும் வாரங்களையும் காவடி வாரத்தையும் விட்டுவிடலாம். கூட்டம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் தமிழிலும் நடக்க வேண்டும். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர். தேநீர்ச் செலவைச் சமையலறைப் பெண்கள் ஏற்றுக்கொள்கிறோம். எந்தச் சனிக்கிழமை தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்