கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரினைத் தினமும் அளந்து பதிய உத்தரவிடக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்கள் மற்றும் குடிநீர்ப் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள்.

பொருள்: கிராம ஊராட்சிகளின் குடிநீர் – வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளோரின் கண்காணிப்பை முறைப்படுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊராட்சிகளில் குளோரின் பதிவேடு இருக்கிறது. இன்ன தேதியில் தொட்டியில் இத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது என்று அதில் எழுதுகிறார்கள். அன்று கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் எவ்வளவு குளோரின் மிஞ்சியது என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வயிற்றுப்போக்கையும் காமாலையையும் டைபாய்டையும் தடுப்பது குடத்துக்கு வந்துசேரும் குளோரின்தான். அந்த ஓர் எண்ணைத் தினமும் அளந்து பதியவும், அது குறைந்தால் அன்றே காரணம் தேடவும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது. வைரஸ் கிருமிகளிடமிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5. ஊராட்சிகளில் வழங்கும் கணக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். புதிய பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும்போது இது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் தரும். வாய் பிரித்த மூட்டை மோட்டார் அறையின் ஈரத்தரையில் கிடந்து கட்டிதட்டி, வீரியம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே 120 கிராம் 0.4 தான் தரும். குழாயின் உட்சுவரில் படிந்த பாசியும் சேறுமே அதைத் தீர்த்துவிடும். பதிவேட்டிலோ இரண்டு நாளும் ஒரே 120 கிராம்.

கலக்கும் விதத்திலும் பிழை நடக்கிறது. பவுடரைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிடுகிறார்கள். அல்லது நீர் நிரம்பிய பின் மேலே தூவிவிட்டு உடனே வால்வைத் திறக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுப் பவுடரைக் கட்டியில்லாமல் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கூடாது. தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, தொட்டி கால்வாசி நிரம்பும்போது ஊற்றினால் மோட்டார் நீரின் வேகமே அதைக் கலந்துவிடும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குப் போகக் கூடாது. நிரம்பிய பின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட வேண்டிய ஊரில் ஐந்தரைக்குள் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அதற்கேற்ப மோட்டார் நேரத்தை மாற்றாமல் தொட்டி இயக்குபவரை மட்டும் குறைசொல்வது சரியல்ல.

தொட்டியில் சரியாக இருந்தாலும் வழியில் கெடுகிறது. நாங்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் நீர் ஓடும் குழாயில், வால்வை மூடியதும் அழுத்தம் விழுகிறது. சாக்கடைக்குள்ளோ அதன் ஓரமாகவோ போகும் குழாயில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளியே தேங்கிய கழிவு உள்ளே போகிறது. வீட்டிணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இழுப்பு இன்னும் கூடும். அழுத்தம் போதாத தெருக்களில் மக்கள் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மழையில் அந்தக் குழி நிரம்பி, குழாய் வாயே அழுக்கு நீரில் மூழ்கிக் கிடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கவும் குளோரின் அளவே உதவும். தொட்டியடியில் 0.8, நேற்றுவரை கடைசிக் குழாயில் 0.3, இன்று பூஜ்யம் என்றால் வழியில் ஏதோ குளோரினைத் தின்கிறது. தெருத்தெருவாக அளந்துகொண்டே போனால் அளவு சட்டென்று விழும் இரண்டு குழாய்களுக்கு இடையில் தோண்டினால் போதும். முழுத் தெருவையும் பெயர்க்க வேண்டியதில்லை.

நோயாளிகள் வந்த பின் தேடுவது ஏன் பிந்திவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் ஏ காமாலை, கிருமி உடலில் புகுந்து 15 முதல் 50 நாள் கழித்தே தெரியும். இன்று காமாலையோடு வருபவர் குடித்த கெட்ட நீர் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முந்தையது. அந்த நாட்களின் கடைசிக் குழாய் அளவு எழுதி வைக்கப்படவில்லை என்றால் எந்தத் தெருவில் தொடங்கியது என்றே சொல்ல முடியாது. காலராவில் நிலைமை வேறு. சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தாக்கும், யோசிக்க நேரம் தராது.

'மருந்து வாடை அடிக்கிறது' என்ற புகாரால் அளவைக் குறைக்கச் சொல்லும் பழக்கமும் நிற்க வேண்டும். கடுமையான வாடை, குளோரின் கழிவோடு சேர்ந்ததாலும் வரலாம். வாடை வந்தால் முதலில் அளக்க வேண்டும்; பிறகுதான் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

எனவே, நீர் விடும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொட்டிக்கும் தொட்டியடியிலும் கடைசிக் குழாயிலும் ஒரு அளவு என இரண்டு அளவுகளை நேரத்துடன் பதிவேட்டில் எழுதவும், 0.2க்குக் கீழே போனால் அன்றே சுகாதார ஆய்வாளருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தகவல் போகவும் ஆணையிட வேண்டுகிறோம். இதற்கு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி போதும். ஆர்த்தோடொலிடின் கரைசல் பயன்படுத்தும் ஊர்களில் மஞ்சள் நிறத்தை உடனே, சுமார் பத்து நொடிக்குள் பார்க்கப் பழக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கழிவோடு சேர்ந்த குளோரினும் நிறம் காட்டி, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லும்.

பவுடரை ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு மாதிரியின் வீரியத்தைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து, அதற்கேற்ற கிராம் கணக்கை மோட்டார் அறைச் சுவரில் எழுத வேண்டும். கிருமிச் சோதனைக்கு நீர் எடுக்கும் புட்டியில், குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அது இல்லையென்றால் புட்டிக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிட, குழாய் நீர் நல்லது என்று தவறான முடிவு வரும்.

குழாய் உடைப்பைச் சரிசெய்த பின் அப்படியே திறந்துவிடாமல், அந்தப் பகுதியை அலசி, 1000 லிட்டருக்கு 150 கிராம் என்ற கணக்கில் (லிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம்) கரைசல் நிரப்பிச் சில மணி நேரம் வைத்து, முழுவதும் வெளியேற்றிவிட்டே வழங்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பிடித்துவிடாதபடி தண்டோரா போட வேண்டும்.

சாக்கடையைக் கடக்கும் குழாய்களையும் குழிக்குழாய்களையும் மழைக்கு முன் கணக்கெடுத்து, முதலில் குழிக்குழாய்களைத் தரைக்கு மேல் உயர்த்த நிதி ஒதுக்க வேண்டுகிறோம். தொட்டி இயக்குபவர்களுக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், பத்திரமாக ஏறக்கூடிய ஏணி ஆகியவற்றையும் இந்த ஆணையிலேயே சேர்க்க வேண்டும். பயிற்சிக்கு ஒன்றியம்தோறும் அரை நாள் போதும். அளந்து காட்ட நாங்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்கள் கையொப்பம்)