பிள்ளைகளோடு குளிக்கக் கரை தேடுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கோடை விடுமுறைப் பக்கத்தில், பாரிஸிலிருந்து தெற்கே போகும் குடும்பங்கள் கட்டாயம் குளிக்க வேண்டிய இடம் என்று, மார்செய்க்குப் பக்கத்து ஊரான கசிக்கு மேற்கேயுள்ள ஆன்வோ குடாவைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அழகுதான். ஆனால் கசியிலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். கடைசித் துண்டு கையூன்றி இறங்க வேண்டிய செங்குத்தான கற்சரிவு. குடிநீர், கழிப்பறை, உயிர்காப்பாளர் எதுவும் இல்லை. இறங்கியவர்கள் உச்சி வெயிலில் அதே சரிவில் ஏறித் திரும்ப வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் முழங்கால் நோவுள்ள அம்மம்மாவும் உள்ள குடும்பத்துக்கு இது குளிக்கும் இடமல்ல.

மார்செய் தொடக்கம் இத்தாலி எல்லை வரையிலான கரையில் பிள்ளைகளுக்கு ஏற்ற இடங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடித்தரை, காற்று, வெளியேறும் வழி, காவல் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் அடித்தரை. கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கரையோரத்தைப் பெரிதாக்குங்கள். வெளிர் பச்சை நீலமாகத் தெரிவது ஆழம் குறைந்த மணல். கருநீலத் திட்டுகள் பாறை அல்லது பொசிடோனியா என்ற கடற்புல். வெளிர் நிறப் பட்டை கரையிலிருந்து இருபது, முப்பது மீற்றராவது அகலமாக இருந்தால் சிறுவர்கள் நின்று விளையாடலாம். கரையை ஒட்டியே கருநீலம் தொடங்கினால் நீந்தத் தெரியாதவர்களுக்கு அது உதவாது. இடத்துக்குப் போனபின் பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி நடந்து பார்க்கட்டும். பத்து அடி வைப்பதற்குள் தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் வேறிடம் பாருங்கள். நீஸ் நகரக் கடற்கரை பலரை ஏமாற்றுவது இப்படித்தான். முழுக்கக் கூழாங்கல், இரண்டு மூன்று எட்டில் ஆழம். சின்ன அலைகூடக் கரையில் வந்துதான் உடையும். திரும்பும்போது காலடிக் கற்களையும் சேர்த்து இழுத்துப் போகும். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் வெளியே வரும்போது, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்தக் கணத்தில்தான். கடலைப் பார்த்தபடியே நின்று, பெரிய அலை போனதும் கையைப் பிடித்து விரைவாக ஏற்றிவிட வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எம்மவர் அதிகம் கவனிக்காதது இதுதான். மார்செய், கசிப் பக்கத்தில் வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற பலத்த காற்று வீசும். கரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று என்பதால் கரையோரத் தண்ணீர் குளம்போலத் தட்டையாகத் தெரியும். ஆபத்து இந்த அமைதியில்தான் இருக்கிறது. காற்றடைத்த வாத்து, மெத்தை, வளையம் எல்லாம் சில நிமிடங்களில் நீந்திப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். பொருள் போனால் போகட்டும், துரத்தி நீந்த வேண்டாம். பிள்ளை அதன்மேல் இருந்தால் உடனே 196 என்ற கடல் மீட்பு இலக்கத்தை அழையுங்கள். 112-உம் வேலை செய்யும். மிஸ்த்ரால் நாட்களில் காற்றடைத்த எதையும் பையிலிருந்து எடுக்காமல் விடுவதே மேல்.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்யும். மேற்பரப்பின் சூடான நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். முதல்நாள் 23 பாகையில் இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் 16 பாகைக்கு இறங்கிவிடும், வெளியே வெயில் 32 பாகையில் எரிந்துகொண்டிருந்தாலும். சூடேறிய உடம்போடு சடாரென்று குதித்தால் மூச்சு வாங்கும், அந்த வேளையில் தண்ணீரும் உள்ளே போகும். கால், கை, கழுத்து என்று நனைத்தபடி இறங்குங்கள். பிள்ளையின் உதடு நீலமாகினாலோ, நடுங்கத் தொடங்கினாலோ உடனே வெளியே எடுத்துத் துடைத்து உடை மாற்றுங்கள்.

மிஸ்த்ரால் வீசும் நாளில் கசிக்குக் கிழக்கேயுள்ள லா சியோத்தாவின் முஜெல் பூங்காக் கரைக்குப் போகலாம். பெக் து லெக்ல் என்ற பெரும்பாறை காற்றை மறைத்து நிற்கும், மரநிழலும் உண்டு. தரை கூழாங்கல். மணல்தான் வேண்டுமென்றால் அதே ஊரின் நீண்ட கடற்கரை ஆழம் குறைந்தது. நீஸ், ஆந்தீப் பக்கம் மிஸ்த்ராலின் வேகம் குறைவு. அங்கே கிழக்குக் காற்றுத்தான் அலையைக் கொண்டுவரும்.

சின்னப் பிள்ளைகளோடு வருவோருக்கு என் முதல் தெரிவு ஆந்தீப்பின் பழைய நகர மதிலடியிலுள்ள கிராவெத் கடற்கரை. துறைமுகச் சுவர் அலையைத் தடுக்கிறது. மணல் தரை, மெதுவாகத்தான் ஆழமாகும். அடுத்து வில்பிரான்ஷ்-சூர்-மெரிலுள்ள மரினியேர். நீஸிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது, நிலையத்துக்குக் கீழேயே கடற்கரை. ஒதுக்கான குடா என்றாலும் சில எட்டுகளில் ஆழமாகிவிடும், ஆகவே நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கே. பாறைக் குடாவைப் பார்த்தே தீருவோம் என்பவர்கள் ஆன்வோவை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வரும் போர்-பானோடு நிறுத்திக்கொள்ளலாம். கசிக்கு வெளியேயுள்ள வாகனத் தரிப்பிடத்திலிருந்து அரைமணி, முக்கால் மணி நடை. சிறிய கரை, பின்னால் பைன் மர நிழல். அங்கும் உயிர்காப்பாளர் இல்லை. வழியில் கற்கள் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், எனவே செருப்போடு நடக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள்.

இந்தக் குடாக்களுக்குப் புறப்படுமுன் முதல்நாள் மாலை ஒன்றைப் பார்க்க வேண்டும். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மலைப்பகுதிக்குள் செல்ல அனுமதி நாளுக்கு நாள் மாறும். அபாயம் அதிகமென்று சிவப்பு காட்டும் நாளில் பாதை மூடப்படும். இந்தப் பாறைக் குடாக்கள் அடங்கிய கலாங்க் தேசியப் பூங்காவின் செயலியில் மறுநாள் நிலை தெரியும். அதே பூங்காவிலுள்ள சுஜித்தோன் குடாவுக்கு 2022 முதல் கோடையின் உச்ச நாட்களில் முன்பதிவு வேண்டும். இலவசம்தான், ஆனால் நாளொன்றுக்கு 400 பேருக்குத்தான் இடம். இன்னொன்று, அங்கே அடுப்பு மூட்டவோ புகைபிடிக்கவோ கூடாது. சோற்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.

பாறைக் கரையில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சிரமம். நீர்மட்டத்தில் பாசி படிந்த பாறை சவர்க்காரம் போல வழுக்கும். எங்கே இரும்பு ஏணி இருக்கிறது, எங்கே சரிவு இருக்கிறது என்று பார்த்து வைத்த பிறகே இறங்க வேண்டும். ஏணி ஒன்றே ஒன்று என்றால் அலை எழும்பும் நாளில் அந்த இடம் வேண்டாம், உடம்பு ஏணியில் மோதும். பாறை இடுக்குகளில் கருப்பும் ஊதாவுமாக, முள்ளுருண்டை போன்ற கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். எல்லோருக்கும் ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் சப்பாத்து வாங்குங்கள். முள் ஏறினால் சூடான நீரில் ஊறவிட்டுச் சாமணத்தால் நேராக இழுக்க வேண்டும். நசுக்கினால் உள்ளேயே உடைந்துவிடும்.

ஊதா நிறப் பெலாஜியா ஜெல்லிமீன் சுட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ துண்டால் தேய்த்தாலோ மீதமுள்ள கொட்டும் செல்களும் வெடிக்கும். ஒட்டியிருக்கும் இழைகளை வங்கி அட்டையின் விளிம்பால் வழித்தெடுக்கலாம். மணற்கரையில் காலில் திடீரென்று கடும் வலி எடுத்தால் அது மணலில் புதைந்திருக்கும் வீவ் மீனாக இருக்கலாம். அதன் நஞ்சு சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 40 பாகை நீரில், அரைமணி நேரமாவது காலை வைத்திருக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைப் பெரியவர் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் காலை வையுங்கள்.

காவல் பற்றி: இரண்டு பட்டையாகச் சிவப்பும் மஞ்சளும் கொண்ட கொடிகளுக்கு நடுவே உள்ளதுதான் கண்காணிக்கப்படும் பகுதி. முன்பு இது நீலக் கொடியாக இருந்தது, 2022-இல் மாற்றினார்கள். பழைய நினைவில் நீலத்தைத் தேடுவோர் இன்னும் உண்டு. பச்சை என்றால் காவல் உண்டு, வெளிப்படையான ஆபத்து இல்லை. மஞ்சள் என்றால் கவனம் தேவை. சிவப்பு என்றால் தடை. ஊதா நிறக் கொடி நீர் மாசு அல்லது ஆபத்தான கடலுயிர் இருப்பதைக் குறிக்கும். கம்பத்தில் கொடியே இல்லையென்றால் காவலும் இல்லை. ஜூலையில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது என்பதால் எம்மவர் மாலையில்தான் கூட்டமாக வருகிறார்கள். காவலர்கள் அதற்கு முன்பே வீடு போய்விடுவார்கள். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போய் இடம்பிடிப்பது நல்லது. இந்தக் கடலில் வற்றுப் பெருக்கு மிகச் சிறியது, பிற்பகலில் கரை விரியும் என்று காத்திருந்து பயனில்லை.

கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் காய்ந்த இலைகள் குப்பையல்ல, பொசிடோனியா. அது கிடப்பதால் தண்ணீர் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். நீரின் தரத்தை நுழைவாயில் பலகையில் பாருங்கள். பெருமழைக்கு அடுத்த நாள் ஆறு, வடிகால் வாய்களுக்கு அருகில் இறங்காதீர்கள்.

பெண்கள் சேலை, சுடிதாரோடு இறங்குவதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். நனைந்த துணி பாரமாகிக் காலைச் சுற்றும், துப்பட்டா ஏணியில் மாட்டும். நீளக் கையுள்ள லைக்ரா சட்டையும் கணுக்கால் வரை ஒட்டிய காற்சட்டையும் வெயிலையும் மறைக்கும், நீந்தவும் விடும். கையில் மாட்டும் காற்றுப்பைகளை நம்பிப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கைபேசி இல்லாமல்.

அடுத்த வாரப் பக்கத்தில் எந்தக் கடற்கரையைப் போட்டாலும், படத்தின் கீழே உயிர்காப்பாளர் உண்டா, எத்தனை நிமிட நடை, தரை மணலா கல்லா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மார்செய்