எச்.எஸ்.சி. நடுவில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் வந்த தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நீ எழுதிய அக்டோபர் எஸ்.ஏ.டி. தேர்வில் 1340 வந்ததை அம்மா சொன்னார்கள். ஆங்கிலப் பகுதியில் 620, கணக்கில் 720. வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளில் 1450 பக்கம் வந்ததால்தான் இந்த வருத்தம் என்று புரிகிறது. வருத்தப்படு, தப்பில்லை. ஆனால் நம் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் தாள்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. மூன்று ஏ-லெவல் (உயர்நிலை) பாடங்களும் ஜெனரல் பேப்பர் என்ற பொதுத் தாளும் உன் இரண்டு வருட உழைப்பு, எஸ்.ஏ.டி. என்பது 2 மணி 14 நிமிடம். கடைசித் தாள் எழுதி முடிக்கும்வரை எஸ்.ஏ.டி. புத்தகத்தைத் தொடாதே. ஒரே ஒரு வேலையை மட்டும் இப்போதே செய்துவிடு: டிசம்பர் தேர்வுக்குப் பதிவு. தேர்வுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே பதிவு முடிந்துவிடும், அதாவது நீ தாள் எழுதிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே. மொரிசியஸ் மாணவர்கள் பலர் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான்.

டிசம்பரில் எழுதினால் மதிப்பெண் இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஜனவரி முதல் வாரத்தில் முடியும் விண்ணப்பங்களுக்கு அது போதும். உன் மாதிரித் தேர்வு மதிப்பெண் உண்மையான மதிப்பெண்ணைவிட 100 புள்ளி கூட இருப்பதால் மறுபடி எழுதச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால், வேண்டாம், அந்த நேரத்தை விண்ணப்பக் கட்டுரைக்குக் கொடு என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு மூன்று வாரப் பயிற்சி, தெரிந்ததைச் சிந்தாமல் எழுத வைக்கும்; தெரியாததைப் புதிதாகக் கற்றுத்தர அது போதாது.

எங்கே சிந்தியிருக்கும் என்று பார். எந்தக் கேள்வி தவறு என்று மதிப்பெண் அறிக்கை காட்டாது. எட்டுப் பாடப்பிரிவுகளில் எது பலம், எது பலவீனம் என்று பட்டைகளாக மட்டும் காட்டும். ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறாக வரும். முதல் கூறில் நீ செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கூறு கடினமாகவோ எளிதாகவோ அமையும். எளிய கூறு வந்துவிட்டால் அதில் எல்லாமே சரியாக எழுதினாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. இரண்டாவது கூறு சுலபமாக இருந்ததாக உனக்கு நினைவிருந்தால், முதல் கூறில் அவசரப்பட்டிருக்கிறாய் என்று பொருள்.

ஆங்கிலப் பகுதியில் ஒரு கூறுக்கு 27 கேள்வி, 32 நிமிடம். கேள்விக்கு 71 நொடிதான். முதலில் சொற்பொருளும் பத்தியின் நோக்கமும், பிறகு கருத்தும் சான்றும், அதன்பின் இலக்கணமும் நிறுத்தற்குறியும், கடைசியில் வாக்கியங்களை இணைக்கும் கேள்விகள் என்று வரிசை மாறாமல் வரும். வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் முதல் பாதியின் நீண்ட பத்திகளில் நேரத்தை விட்டுவிட்டு, நல்ல மதிப்பெண் தரும் இலக்கணக் கேள்விகளை ஓட்டத்தில் முடிக்கிறார்கள். நீ இலக்கணத்திலிருந்து தொடங்கு. அதற்கு விதிகள் கொஞ்சம்தான்: இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டக்கூடாது, முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது முழு வாக்கியமாக இருக்க வேண்டும், எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் எத்தனை சொல் வந்தாலும் ஒருமை பன்மை பொருந்த வேண்டும். ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

கணக்கில் உனக்குப் பாடம் தெரியாமல் இல்லை, எச்.எஸ்.சி. கணக்கு இதைவிடக் கடினம். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் படிப்படியாகத் தாளில் தீர்க்கப் போவதுதான் சிக்கல். திரையிலேயே டெஸ்மோஸ் என்ற வரைபடக் கணிப்பான் இருக்கிறது: இரண்டு சமன்பாட்டையும் அதில் இட்டு, கோடுகள் வெட்டும் புள்ளியைப் படித்துக்கொள். x கேட்டார்களா, 2x + 1 கேட்டார்களா என்று விடையைக் குறிக்கும் முன் கேள்வியின் கடைசி வரியை இன்னொரு தடவை படி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதே.

டிசம்பரில் ஆங்கிலம் 680 ஆகி, கணக்கு 700க்கு இறங்கினாலும் பயமில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இரண்டு தேர்வுகளிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்ளும்; உனக்கு 680, 720 சேர்ந்து 1400. ஜார்ஜ்டவுன் மாதிரி எல்லா மதிப்பெண்ணையும் அனுப்பச் சொல்லும் இடங்களும் உண்டு.

இனி பட்டியல். எம்.ஐ.டி. 2022இலும், ஹார்வர்டும் கால்டெக்கும் 2024இலும் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கின. டார்ட்மத்தும் 2024இல் கட்டாயமாக்கியது, ஆனால் வெளிநாட்டுப் பள்ளி மாணவர்கள் எஸ்.ஏ.டி.க்குப் பதில் ஏ-லெவல் அல்லது அதற்கு நிகரான தேசியத் தேர்வின் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை (பள்ளி முன்கூட்டியே கணித்துத் தருவதை) தரலாம் என்றது. உனக்கு இது பெரிய வாசல். போடன் கல்லூரி 1969 முதலே மதிப்பெண் கேட்பதில்லை, வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்த்து இடம் மறுப்பதும் இல்லை. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் நீ அனுப்பினாலும் மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டா. ஆனால் வெளிநாட்டவருக்கு அங்கே உதவித்தொகை மிகக் குறைவு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அனுப்பும் வாரத்தில் அந்தந்த இணையப்பக்கத்தை மறுபடி பார்.

விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்னும் இடங்களில், அந்தப் பல்கலைக்கழகத்தின் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைத் தேடி சி9 பகுதியைத் திற. சேர்ந்தவர்களின் 25, 50, 75ஆம் சதமான மதிப்பெண்கள் (நூறு பேரை வரிசைப்படுத்தினால் கீழிருந்து அந்தந்த இடத்தில் நிற்பவரின் மதிப்பெண்) இருக்கும். நடு எண்ணைத் தொட்டால் அனுப்பு. 25க்குக் கீழே என்றால் அனுப்பாதே. இடையில் விழுந்தால், பொறியியலுக்குக் கணக்கு 720 எப்படித் தெரியும் என்று தனியாகப் பார். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே அனுப்புவதால் அந்த எண்கள் கொஞ்சம் உயர்ந்துதான் நிற்கும். அதைப் பார்த்து மிரளாதே. அதே ஆவணத்தில் எச்6 பகுதி வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு உதவி கொடுக்கிறார்கள் என்று சொல்லும். அப்பாவோடு உட்கார்ந்து அதைப் படி.

நம் நாட்டுக் காலண்டர் உனக்குச் சாதகமாக இருக்கிறது. விண்ணப்பம் ஜனவரியில் போய்விடும், முடிவு மார்ச் இறுதியில் வரும். எச்.எஸ்.சி. முடிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே, தைப்பூசக் காவடியை ஒட்டி வந்துவிடும். பிரிட்டனில் ஏ-லெவல் எழுதும் பிள்ளைகள் அப்போது எதிர்பார்ப்பு மதிப்பெண்ணோடுதான் காத்திருப்பார்கள். உன் கையில் உண்மையான முடிவு இருக்கும். அன்றே அதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பதாரர் இணையப்பக்கத்திலும் ஏற்று, பள்ளித் தலைவரான ரெக்டரிடம் சொல்லி, பள்ளி அனுப்பும் இடைக்கால அறிக்கையிலும் சேர்க்கச் சொல். 1340ஐவிடக் கனமான தாள் அதுதான். இந்த வாரங்களில் அதைக் காப்பாற்று.

விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன் ரெக்டரைப் பார்த்து, விண்ணப்பத்தோடு பள்ளி அனுப்பும் பள்ளிக் குறிப்பில், எச்.எஸ்.சி.க்கு முன் எழுதிய எஸ்.சி. தேர்வின் மதிப்பீட்டை விளக்கச் சொல். நம்மிடம் 1 தான் உயர்ந்தது, 9 தோல்வி. அங்கே கோப்பைத் திறப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். விண்ணப்பத்தில் நீ எழுதும் விளக்கக் குறிப்பில் எஸ்.ஏ.டி. ஏன் குறைந்தது என்று ஒரு வரியும் எழுதாதே. தேர்வன்று கணினி நின்றுபோனது போல உண்மையான தடங்கல் இருந்தால் மட்டும் இரண்டு வரி போதும்.

பதிவு முடிந்ததும் தகவல் அனுப்பு. கட்டுரையின் முதல் படியை டிசம்பர் தேர்வுக்கு மறுநாள் எனக்கு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அக்கா