அம்மா அப்பா பேரைச் சொல்லிவிட்டாள்

கும்பகோணம்,
ஆவணி 9

அன்புள்ள வசந்தி,

திட்டாதே. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிற கழுதை நான்தான். நடுவில் நாலு முறை ஆரம்பித்தேன். நாலும் பாப்பாவின் கையில் சிக்கிக் கப்பலாகி வாய்க்காலில் போயின. உன் முட்டி ஆபரேஷன் எப்படி? படி ஏறுகிறாயா, இல்லை அந்த நாள் மாதிரி சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டுமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு மட்டும் சர்க்கரை மேட்டூர் நீர்மட்டம் மாதிரி ஏறி இறங்குகிறது. குசலம் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பா பேரைச் சொல்லிவிட்டாள்.

உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கமாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் மறதிக்காகத் தஞ்சாவூரில் டாக்டரிடம் கூட்டிப் போனதும், அல்சைமர் நோய் என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அன்று நடந்ததை முழுசாகச் சொன்னேனா என்று நினைவில்லை. (எனக்கும் ஆரம்பித்துவிட்டது போல. சிரிக்காதே.) மாம்பழம், நாற்காலி, ரூபாய் என்று மூன்று வார்த்தை சொல்லி, "ஞாபகம் வச்சுக்குங்கம்மா, அப்புறம் கேப்பேன்" என்றார். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், "நீங்க எப்பங்க சொன்னீங்க?" என்று அம்மா அவரையே மடக்கிவிட்டாள். கடிகாரம் வரையச் சொன்னதற்கு வட்டம் போட்டு அதற்குள் 12 எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி வைத்தாள். கடைசியாக, "உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மறதி என்று குறித்துக்கொள்ளப் போனார். சின்ன வயசுப் பையன், பாவம். "சார், அது மறதி இல்லை" என்று நான் சொல்வதற்குள் அம்மாவே மெதுவாகச் சொன்னாள்: "திருவாரூர்ல தேர்ல வர்றாருல்ல, அவரு பேருதான்."

அந்தப் பேரை அறுபது வருஷத்தில் அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள். புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்று நீயும் நானும் விடுதி மொட்டைமாடியில் சபதம் செய்தோமே, அதை அவளிடம் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டாள். (நான் இன்னமும் "ஏங்க"தான். நீ?)

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணுக்குத் திருவாரூருக்கு மாற்றலாகி, மாப்பிள்ளை சென்னையிலேயே தங்கிவிட்டதால், ஜூனிலிருந்து இரண்டும் என்னிடம்தான். கதிருக்கு 9 வயது, பாப்பாவுக்கு 5. பள்ளிக்கூடம் திறந்த வாரமும் மேட்டூர் திறந்த வாரமும் ஒன்று. அரசலாற்றில் தண்ணீர் வருவதற்குள் கொல்லைக் கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். அம்மா, பாப்பா இரண்டு பேருக்காகவும்தான். யாருக்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதல் நாளே அம்மா பாப்பாவைப் பார்த்து, "சரசு, எங்கடி போன இவ்வளவு நாழி?" என்றாள். சரசு அம்மாவின் தங்கை, அம்மை போட்டுச் சின்ன வயசிலேயே போனவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பா அசரவே இல்லை. "இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் அவளே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்! என் பெண் போனில் குதித்தாள்: "குழந்தை குழம்பிடும்மா, இப்படிப் பொய் சொல்லப் பழக்காதே." பாப்பாவையே கேட்டேன். "ஸ்கூல்ல தமிழினி, வீட்ல பாப்பா, பெரியம்மாச்சிக்கு சரசு" என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாருக்குக் குழப்பம் என்று நீயே சொல்.

அம்மாவும் பாப்பாவும் பல்லாங்குழி ஆடுவதை நீ பார்க்க வேண்டும். காலையில் இட்லி தின்றதை மறந்து பத்து மணிக்கு, "இந்த வீட்ல எனக்குச் சோறே போடறதில்லை" என்று எதிர்வீட்டுக்காரியிடம் முறையிடுகிறவள், 14 குழியிலும் கை ஓடும்போது ஒரு சோழி தவறுவதில்லை. பேரும் முகமும் தங்குகிற இடம் வேறு, கை பழகினது தங்குகிற இடம் வேறு, அதற்கு இந்த நோய் கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். ஏமாற்றுகிற பழக்கமும் அங்கேதான் தங்குமோ என்னவோ. நாலு சேர்ந்தால் பசு என்று எடுக்க வேண்டும். அம்மா மூன்றிலேயே அள்ளி மடியில் போட்டுக்கொள்கிறாள். பாப்பா பதிலுக்கு இரண்டை உட்காரும் பலகைக்கடியில் தள்ளுகிறாள். இரண்டு திருடிகளும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

கவலை பெரியவனைப் பற்றித்தான்.

பாப்பாவுக்கு அம்மாவின் பழைய முகம் தெரியாது. இப்போது இருக்கிற ஆளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், அதில் அவளுக்கு எந்தக் குறையும் படவில்லை. கதிர் அப்படியில்லை. கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷம் இங்கேதான் இருந்தான். ராத்திரி முற்றத்தில் உட்கார வைத்து, வத்தக்குழம்புச் சோற்றை உருட்டிக் கையில் வைத்து, கதை சொல்லிச் சொல்லி ஊட்டியவள் அம்மாதான். அந்தக் கையைத் தேடிக்கொண்டு ஓடி வந்தான். ஜூன் கடைசியில் ஒருநாள் சுருக்குப் பையைக் காணோம். அம்மா நேராக அவனைக் காட்டி, "இந்தப் பய யாரு? இவன்தான் எடுத்திருக்கான். திருட்டுப் பய" என்று சத்தம் போட்டாள். நோயில் இது சகஜம், வைத்த இடம் மறந்துபோகும், யாரோ எடுத்தார்கள் என்று தோன்றும், பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பழி விழும். எனக்கு விழாத பழியா? ஆனால் 9 வயசுப் பையனுக்கு அது புரியுமா? அன்று அவன் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஒன்று கவனித்தேன். அம்மா குடித்த டம்ளரை அவன் தொடுவதில்லை. ஒருநாள் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தான். கோபம் வந்து அதட்டப் போனேன். "அம்மாச்சி, இது ஒட்டிக்குமா?" என்றான்.

எத்தனை நாள் மனதில் வைத்திருந்தானோ. உட்கார வைத்துச் சொன்னேன். ஒட்டாதுடா, சளி மாதிரி இல்லை. மூளைக்குள்ளே சில பொருட்கள் படிந்து, புதுசை எழுதி வைக்கிற இடத்தை முதலில் கெடுக்கும். அதனால்தான் காலையில் நடந்தது நிற்காது, சின்ன வயசில் நடந்தது நிற்கும். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த புத்தி போகுமா? கரும்பலகை உதாரணம் வேறு சொன்னேன்: புதுசெல்லாம் சாக்பீஸில் எழுதினது, பழசெல்லாம் பெயிண்டில் எழுதினது. அவன் யோசித்துவிட்டு, "நானும் பழசுதானே, என்னை ஏன் சாக்பீஸ்ல எழுதினாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை, வசந்தி. அப்புறம், "உங்களுக்கும் வருமா?" என்றான். வயது ஏற ஏற யாருக்கும் வரலாம், அம்மாவுக்கு வந்ததால் எனக்கு வந்தே தீரும் என்றில்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

சென்னைத் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிறு வெடிக்கும். ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் வருவான். "அம்மா, நான் யாரு சொல்லு? சொல்லு பாப்போம்." வாராவாரம் பரீட்சை. அம்மா தவித்துப் போய் என்னைப் பார்ப்பாள். தப்பாகச் சொன்னால் அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான், அவன் பொண்டாட்டி போனை வாங்கிக்கொள்வாள். பத்து நிமிஷம். அப்புறம் ராத்திரி முழுக்க நிலைகொள்ளாத அம்மா எனக்கு. நானும் யோக்கியமில்லை. தப்பாகச் சொல்லும்போதெல்லாம் திருத்திக்கொண்டேதான் இருந்தேன்.

அந்தி சாய்ந்தால்தான் மோசம். வெளிச்சம் மங்க மங்க அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. "வீட்டுக்குப் போகணும்" என்பாள். ஆடி மாதம் காற்று அடிக்க ஆரம்பித்ததும் இன்னொன்று சேர்ந்துகொண்டது. "புயல் வருது, கன்னுக்குட்டிய அவுத்து விடு." 1952 கார்த்திகைப் புயல்தான். நாகப்பட்டினம் பக்கம் கரையேறியபோது அம்மாவுக்கு 13 வயசு. ஊரே ஓலையும் ஓடும் இல்லாமல் நின்றது என்று நமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நானும் வழக்கம்போல, "அம்மா, அது போய் எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம வீட்ல மாடே இல்லை" என்பேன். சொல்லச் சொல்ல அழுகை கூடும்.

ஒருநாள் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதிர் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்து, "அவுத்து விட்டுட்டேன்" என்றான்.

"செவலையா?"

"ம். அதுதான். மேட்டுப் பக்கம் ஓடிடுச்சு."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, "சமத்து" என்றாள். அவ்வளவுதான். அன்று சண்டையில்லை, சாப்பிட்டுப் படுத்தாள்.

"செவலைன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். "பெரியம்மாச்சிதான் சொன்னாங்க, சோறு ஊட்டும்போது. அவுத்து விட மறந்துட்டாங்க, கொட்டாய் விழுந்து செத்துடுச்சு."

எனக்கு அவள் சொன்ன கதையில் எல்லா மாடும் பிழைத்துவிட்டன, வசந்தி. உனக்கும் அப்படித்தானே சொன்னாள்?

இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் ஒருமுறை கொல்லைக்குப் போய்விட்டு வருகிறான். இன்னமும் அவன் யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. "அந்தத் தம்பி வந்துட்டுதா?" என்று மட்டும் கேட்கிறாள். டம்ளரைத் தனியாகக் கழுவுவது நின்றுவிட்டது.

போன ஞாயிறு விஷயம் இது. கதிர் கூடத்தில் அப்பா படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தம்பியிடம் கற்றுக்கொண்டானோ என்னவோ, "பெரியம்மாச்சி, இது யாரு?" என்று கேட்டான். நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கேட்காதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா நிதானமாகச் சொன்னாள்: "தியாகராஜன்."

பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிற மாதிரி. கதிர் கைதட்டினான். "அம்மாச்சி! கரெக்டாச் சொல்லிட்டாங்க!" என்று ஓடி வந்தான். பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினாள். நானும் தட்டினேன். பிறகு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அந்த அல்சைமர் டாக்டரைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனிக்காரர். 1901-ல் அவரிடம் வந்த முதல் நோயாளி 51 வயதுப் பெண். புருஷன் பேர் என்ன என்று கேட்டதற்குத் தன் பேரையே சொன்னாளாம். 1906-ல் அவள் இறந்த பிறகுதான் மூளையைப் பார்த்து இந்த நோயைப் பற்றிப் பேசினார். அங்கே சொல்லத் தெரியாததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இங்கே சொல்லிவிட்டதை வைத்து எனக்குத் தெரிந்தது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "சொல்றதுல என்னடி இருக்கு" என்கிறார். கதிரிடம் சொல்லவே இல்லை. அவன் சந்தோஷப்பட்டது சரிதான் என்று தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

தீபாவளிக்கு முன்னால் வா. முட்டியைச் சாக்குச் சொல்லாதே, ஜனசதாப்தியில் உட்கார்ந்துதானே வரப்போகிறாய். வந்தால் அம்மாவிடம் "என்னைத் தெரியுதா" என்று மட்டும் கேட்காதே. யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் "ம்" போடு. பல்லாங்குழிக்கு உட்கார்ந்தால் உன் பக்கத்துச் சோழியை எண்ணி வைத்துக்கொள்.

உன்
சாந்தா

பி.கு.: சுருக்குப் பை அரிசி டின்னுக்குள் கிடைத்தது. 40 ரூபாய், ஒரு கொட்டைப்பாக்கு, 11 சோழி. சோழியைப் பாப்பா திருப்பிக் கேட்கிறாள், கதிர் தரமாட்டேன் என்கிறான். அது அவர்கள் வழக்கு, நான் தலையிடவில்லை.