குடும்பத்தைக் கூட்டத் தெரிந்த சமூகப் பணியாளர்கள் வேண்டும்: ஒரு திறந்த மடல்

குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பணிபுரியும் தோழர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதா, சொந்தக்காரர்களிடம் விடுவதா என்று குழந்தைகள் நலக் குழு முடிவெடுப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு உறவென்று இருக்கும் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, அவர்களே பேசி ஒரு திட்டம் சொல்ல வழிசெய்யும் ஆட்கள் நமக்கு வேண்டும். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள், மாவட்டத்துக்கு இரண்டு பேராவது.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் எல்லாம் இருக்கிறது: வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லம் கடைசி வழி, பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து அறியும் சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும் என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த 15 நாளில் ஒரு பணியாளரால் என்ன செய்ய முடிகிறது? ஒரு முறை வீட்டுக்குப் போகிறார், இருப்பவர்களிடம் கேட்கிறார், படிவத்தை நிரப்புகிறார். அம்மா இறந்துவிட்டார், அப்பா குடிக்கிறார், பாட்டிக்கு முடியவில்லை, ஆகவே இல்லம். நான் பார்த்த பல அறிக்கைகள் இந்த வரிசையில்தான் போகின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மாமனுக்கு யாரும் போன் செய்வதில்லை, ஏனென்றால் அக்காவின் சாவுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மச்சான் பேரைச் சொல்ல அப்பாவுக்கு மனசு வராது. அத்தையால் பிள்ளையை முழுக்க வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் அழைத்துக்கொள்வார். பாட்டிக்குத் துணை கிடைத்தால் பாட்டியே பார்த்துக்கொள்வார். இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதை ஒன்றாகச் சேர்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்துவிடும். சேர்ப்பது யார் வேலை என்பதுதான் என் கேள்வி.

நியூசிலாந்தில் இதற்கு 1989இலேயே சட்டம் போட்டார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளை அரசு அதிகாரிகள் உறவுக்காரர்களைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போய் விடுதிகளிலும் அந்நியர் வீடுகளிலும் வளர்த்தார்கள். அதனால் மாவோரி மக்களிடம் எழுந்த கோபத்தை, மாவோரித் தலைவர் ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு 1986இல் அறிக்கையாக எழுதியது. அடுத்து வந்த சட்டம், முடிவெடுக்கும் இடத்தில் குடும்பத்தை உட்கார வைத்தது. ஒருங்கிணைப்பாளர் உறவினர்களைத் தேடிக் கூட்டுவார், அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வார்கள், அப்புறம் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் தனியாகப் பேசும். குடும்பமே கேட்டுக்கொண்டால் தவிர சமூகப் பணியாளர் அந்த அறையில் இருக்க உரிமையில்லை. இங்கிலாந்தில் இந்த முறையைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது; கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குப் போவது குறைந்திருந்தது.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் நியூசிலாந்தே சாட்சி. 2019இல் அங்கே ஒரு மருத்துவமனையில், பிறந்த மாவோரிக் குழந்தையைக் குழந்தைகள் நலத் துறை அதிகாரிகள் தாயிடமிருந்து எடுக்க முயன்றது நாட்டையே உலுக்கியது. 2021இல், மாவோரி மக்களின் புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் அந்தத் துறையைக் கடுமையாக விமர்சித்தது. 30 வருஷம் பழைய சட்டம் கையில் இருந்தும் இந்த நிலை. அதனால்தான் சுற்றறிக்கை கேட்காமல் பயிற்சி கேட்கிறேன்.

எப்படிப்பட்ட பயிற்சி? அரங்கில் இரண்டு நாள் பவர்பாயின்ட் போட்டு, சான்றிதழ் கொடுத்து, குழுவாகப் படம் எடுத்து அனுப்பிவிடும் பயிற்சி இல்லை. இந்த வேலையில் பாதிக்குமேல் கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில்தான் நடக்கிறது. உறவு மரம் வரைந்து ஆட்களைத் தேட வேண்டும், பேசாமல் இருக்கும் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், "எங்களைக் குற்றவாளியாக்கத்தானே கூப்பிடுறீங்க" என்று கேட்பவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். இதைப் பாத்திரமேற்று நடித்துப் பழக வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும், முதல் ஒரு வருஷம் கேட்டுத் தெளிய ஒருவர் கூட இருக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சரியாக நடத்தாவிட்டால் இது கட்டப்பஞ்சாயத்தாகிவிடும். சாதிப் பெரியவரோ கவுன்சிலரோ நடுவில் வந்து உட்கார்ந்தால் அம்மா வாயைத் திறக்க மாட்டார். 16 வயசுப் பெண் என்றால் "மாமனுக்கே கட்டிவச்சிடலாம்" என்று பேச்சு போகும். எனவே எதெல்லாம் பேரத்துக்கு உரியதல்ல என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எல்லோர் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: குழந்தைத் திருமணம் கிடையாது, படிப்பை நிறுத்துவது கிடையாது, போக்சோ வழக்கில் சமரசம் கிடையாது. பாலியல் வன்முறை செய்தவர் அந்த அறைக்குள் வரவே கூடாது, குடும்பம் எவ்வளவு வற்புறுத்தினாலும். பிள்ளை தனக்காகப் பேச ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். டீச்சராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். குடும்பம் சொல்லும் திட்டம் பாதுகாப்பானதுதானா என்று பார்த்து ஆணையிடும் அதிகாரம் எப்போதும்போலக் குழந்தைகள் நலக் குழுவிடமே இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எழுந்து வெளியே போகப் பழக வேண்டும். சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படித்த நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். ஆலோசனை சொல்லியே பழகிவிட்டோம். உள்ளே சத்தம் கேட்கும், யாராவது அழுவார்கள், கதவைத் தட்டாமல் இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும், கைகலப்பு வரும் என்று தெரிந்தால் மட்டும் உள்ளே போக வேண்டும். அந்த வேறுபாட்டைப் பாடமாகச் சொன்னால் வராது, நடத்திப் பார்த்துத்தான் வரும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சமூக விசாரணை அறிக்கை எழுதும் ஆளே கூட்டத்தையும் நடத்தக் கூடாது. தன்னைப் பற்றி எழுதப்போகிறவர் முன்னால் எந்த அப்பா மனம் திறந்து பேசுவார்? ஒப்பந்தத்தில் இருக்கும் பணியாளருக்கே இதையும் கூடுதல் வேலையாகத் தலையில் கட்டினால், பயிற்சி முடித்த கையோடு அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அப்படிப் போனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் இயங்குகிறது, வேறு ஊர்களிலும் நல்ல துறைகள் இருக்கின்றன; அவர்களைக் கூப்பிட்டு உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதுங்கள்.

பணமும் ஓரளவு இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு, மாநிலத்தின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 2,000 ரூபாய். கூட்டத்தின் முதல் பகுதியிலேயே இதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டால், "என்னால முடியாதும்மா" என்ற பாட்டி கொஞ்சம் யோசிப்பார்.

முதலில் இரண்டு மாவட்டங்களில் தொடங்குங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், திருப்பூர் மாமனுக்கு அன்றுதான் லீவு. அவருக்குப் பஸ் காசும், வந்தவர்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடும் கொடுக்க ஒரு செலவுத் தலைப்பை இந்த வருஷ நிதி ஒதுக்கீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் ஒரு சமூகப் பணியாளர்